கிட் மெர்சியின் மூன்று விசில்

ராப் பாட வேண்டுமென்றால் நியூயார்க்கில் பிறந்திருக்க வேண்டும். அம்பத்தூரில் பிறந்தவனுக்குக் கேட்கிற உரிமை மட்டும்தான் உண்டு. அந்த உரிமையையும் சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே ஒழுங்காகப் பயன்படுத்திவருகிறவன் ஒரே ஒருவன். அவன் கள்ளிக்குப்பத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்தில் குடியிருக்கிறான்.

1999 ஜூலையில், அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கன்னியப்பன் இதைச் சொன்னான். பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. எதிரே இருந்த வேம்புலியும் சிரிக்கவில்லை, வாய் நிறைய மசால்வடை இருந்ததால்.

வேம்புலி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவன். கன்னியப்பனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. வடையை விழுங்கியதும் டீக்கடை பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தான்.

"காலீல ஆறு ஷிஃப்ட்டு, கம்பெனி பஸ்ஸுல லிஃப்ட்டு, சூப்பர்வைசரு சிரிச்சான்னா அதான் போனஸு கிஃப்ட்டு..."

"யாராவது இவன் கைல சாவிக்கொத்து குடுங்கப்பா" என்றான் கன்னியப்பன். "இழுப்பு வந்துகீது."

"ஏன் மச்சான், நல்லாத்தான கீது?"

"மாமே, ராப்புன்றது பெஞ்சத் தட்டி மொனகறது இல்ல. அது ஒரு வரலாறு. பிராங்ஸுல பொறந்தது. எளுபத்தி மூணு. நீ பொறந்தது கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரில. உன் வேல லேத்து. அத்தப் பாரு."

வேம்புலி அன்று பெஞ்சைத் தட்டுவதை நிறுத்திவிட்டான். கன்னியப்பன் இப்படி ஊரில் பலரை நிறுத்தியிருக்கிறான். கல்லூரி ஆண்டு விழாவில் ஒருவன் மைக்கைப் பிடித்து வேகமாக ஏதோ பேசப் போக, முன்வரிசையிலிருந்து "தண்ணி குடுங்க, பையனுக்கு மூச்சு வாங்குது" என்று குரல் கொடுத்தது இவன்தான். அந்தப் பையன் அதற்குப் பிறகு பாட்டுப் பக்கமே வரவில்லை. இப்போது என்.சி.சி.யில் இருக்கிறான்.

கன்னியப்பனுக்கு இந்த அதிகாரம் சும்மா வந்துவிடவில்லை. ஒரு மருந்துக்கடைக்கு மாடியில், திரைத்துணி போட்டுத் தடுத்த ஆறு கம்ப்யூட்டர்களோடு ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் எண் கம்ப்யூட்டர் அவனுடையது. அங்கே உட்கார்ந்தால் உலகத்து ராப் ரசிகர்கள் எல்லாரும் கூடுகிற ஒரு இன்டர்நெட் விவாதப் போர்டு திறக்கும். யார் முதலில் இசைத்தட்டைத் தேய்த்தது, எந்தப் பாட்டின் எந்த டிரம்ஸ் எந்தப் பழைய பாட்டிலிருந்து சுட்டது, கிழக்குக் கரை பெரிதா மேற்குக் கரை பெரிதா என்று இரவுபகல் பார்க்காமல் அடித்துக்கொள்வார்கள். அந்தப் போர்டின் உச்சியில் "அறிந்தவர்கள்" என்று ஒரு பட்டியல் இருந்தது. மொத்தம் பத்தொன்பது பேர். பதினேழாவது பெயர் 'கே-குப்பம்'. அதுதான் கன்னியப்பன். ஊர்ப்பெயரைச் சுருக்கி வைத்திருந்தான். அமெரிக்காக்காரர்களில் சிலர் அதை ஏதோ ரவுடிக் கும்பல் என்று நினைத்து மரியாதையாகப் பேசினார்கள். அவன் திருத்தவில்லை.

பட்டியலில் ஏற அவனுக்கு உதவியது ஒரு கேசட். நார்த் ஸ்டெப்ஸ் என்ற குழுவின் 'கான்கிரீட் சண்டே' ஆல்பம். பத்தாவது பரீட்சை முடிந்த லீவில், மார்க்கெட் பக்கம் பிரகாசம் நடத்திய ரெக்கார்டிங் கடையில் பதிவு செய்து வாங்கியது. அட்டையில் பிரகாசம் தன் கையால் பன்னிரண்டு பாட்டுப் பெயர்களை எழுதியிருந்தான். ஆனால் கேசட்டில் பதின்மூன்று பாட்டு இருந்தது.

அந்தப் பதின்மூன்றாவது பாட்டைப் பற்றி உலகத்தில் வேறு எவனுக்கும் தெரியாது. அமெரிக்காவில் ஆல்பத்தை வைத்திருந்தவர்கள் எல்லாரும் பன்னிரண்டோடு முடிகிறது என்றார்கள். "இந்தியாவுக்கு மட்டும் கம்பெனி தனியாக விட்ட பதிப்பு" என்று கன்னியப்பன் எழுதினான். போர்டு அதிர்ந்துபோனது.

பாட்டும் லேசுப்பட்டதல்ல. முன்னிசை கிடையாது, பாதி வார்த்தையில் சட்டென்று ஆரம்பிக்கும். "இலக்கணத்தை உடைத்த துணிச்சல்" என்று அவன் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினான். உள்ளே ஒருவன் ஆங்கிலத்தில், அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லையும் தாளத்தின் மேல் ஆணி அடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டே போவான். இந்த ஊரில் என் நிழலுக்கும் வாடகை கேட்கிறார்கள் என்று ஒரு வரி வரும். அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் கன்னியப்பனுக்குக் கழுத்துக்குப் பின்னால் சிலிர்க்கும். கடைசியில் பாட்டு ஒரு வரியின் நடுவிலேயே அறுந்துவிடும்.

பாடுவது யார் என்று போர்டு கேட்டது. கன்னியப்பனுக்குத் தெரியாது. ஆனால் அறிந்தவர்கள் பட்டியலில் இருப்பவன் தெரியாது என்று எழுதிவிட்டு எப்படித் தூங்குவது? வரி நடுவில் நிற்கிறது என்றால் பாடியவன் செத்திருக்க வேண்டும் என்று யோசித்தான். கிட் மெர்சி என்று பெயர் வைத்தான். 1992ல் புரூக்ளின் பாலத்தில் கார் மோதி இறந்தான் என்று எழுதினான். போர்டு இரண்டு நாள் துக்கம் கொண்டாடியது. நார்வேயிலிருந்து ஒரு பெண் கிட் மெர்சிக்கு நினைவுப் பக்கமே கட்டிவிட்டாள். அதில் இரண்டு மெழுகுவர்த்திகள் அணையாமல் ஆடிக்கொண்டே இருந்தன.

ஒரு வருஷம் நிம்மதியாகப் போனது. பிறகு டஸ்டி நீடில் வந்தார்.

டஸ்டி நீடில் போர்டை நடத்துகிறவர். நியூயார்க்காரர், ஊசி முனையளவு சந்தேகம் இருந்தாலும் விடாத ஆள். பாட்டைக் கேட்க வேண்டும் என்றார். கன்னியப்பன் வாக்மேனைக் கம்ப்யூட்டர் மைக்கின் வாயில் பிடித்து பாட்டை முழுக்கப் பதிவு செய்து அனுப்பினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதில் காத்திருந்தது.

பாடகன் அருமை என்று அவர் எழுதியிருந்தார். ஆனால் இடையில் ஏதோ சீறிக்கொண்டு வீறிடுகிறதே, அது என்ன? மூன்று தடவை வருகிறது. எந்த ஸ்டூடியோவிலும், எந்தக் கருவியிலும் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கிட் மெர்சி என்ற பெயர் எந்த விபத்துப் பதிவிலும் இல்லை. அடுத்த ஞாயிறுக்குள் பாடியது யார், எங்கே பதிவானது என்று ஆதாரத்தோடு எழுது. இல்லையென்றால் பொய்யன் என்று போட்டு உன் பெயரை எடுத்துவிடுவேன், திரும்பச் சேர்க்க மாட்டேன்.

கன்னியப்பன் அதை இரண்டு தடவை படித்தான். பாட்டை எடுத்துத் திரும்பக் கேட்டான். மூன்று வருஷமாகக் கேட்கிற பாட்டு. அன்றைக்குத்தான் அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்தது. வேம்புலியிடம் ஹெட்போனைக் கொடுத்தான்.

"இன்னாடா சத்தம் இது?"

"குக்கரு" என்றான் வேம்புலி, யோசிக்காமல்.

"எந்தக் குக்கரு?"

"இன்னா எந்தக் குக்கரு? சோறாக்கற குக்கரு. மூணு விசிலு."

அம்பத்தூரில் பிறந்தவன் காதுக்குக் குக்கர் விசில் ஒரு சத்தமே இல்லை. காற்று மாதிரி. பக்கத்து வீட்டில் அடித்தாலும் தன் வீட்டில் அடித்தாலும் காது அதை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடும். நியூயார்க் காதுதான் அதை உள்ளே விட்டுக் கேள்வி கேட்கிறது. நாற்பது பக்கம் கட்டுரை எழுதிய கன்னியப்பன் அதைத் தன் வீட்டு அடுப்படியில் கேட்கிற அதே கவனத்தோடு கேட்டு, அதே கவனத்தோடு விட்டிருந்தான்.

"புரூக்ளின்ல குக்கர் கீதா மச்சான்?" என்றான் வேம்புலி.

கன்னியப்பன் சைக்கிளை எடுத்தான்.

பிரகாசத்தின் கடையில் இப்போது பாதி இடம் ஜெராக்ஸ் மெஷினுக்குப் போயிருந்தது. மீதி இடத்தில் பாட்டு பதிவு செய்கிற அந்தப் பழைய டபுள் டெக் உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் வீடு. பிரகாசத்துக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். மாதா கோயில் கொயரில் கிதார் வாசிப்பான், அதிகம் பேச மாட்டான்.

"அண்ணாத்தே, 'கான்கிரீட் சண்டே' எதுலேர்ந்து ரெக்கார்ட் பண்ணிக் குட்த்த? ஒரிஜினல் கீதா?"

இருந்தது. சி.டி.யை எடுத்துப் போட்டான். பன்னிரண்டு பாட்டு, நாற்பத்தொரு நிமிஷம். அதோடு நின்றது. கன்னியப்பன் அட்டையிலும் எண்ணிப் பார்த்தான், பன்னிரண்டுதான். பையிலிருந்து தன் கேசட்டை எடுத்து, கடைசிப் பகுதிக்கு ஓட்டிக் கொடுத்தான். "அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சி?"

பாதி வார்த்தையில் பாட்டு ஆரம்பித்தது.

பிரகாசம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த ரேஷன் கார்டைக் கீழே வைத்தான். அசையாமல் கேட்டான். முதல் விசில் அடித்தபோது அவன் முகம் சிவந்தது. உள்ளே திரும்பி, "ஞானம்! இங்க வா!" என்று கத்தினான்.

அவன் மனைவி ஞானகுமாரி கையில் கரண்டியோடு வந்தாள். இரண்டாவது விசில் அடித்தது. அவள் ஒரு விநாடி நின்று கேட்டாள்.

"கொண்டக்கடல" என்றாள்.

"அண்ணி, இன்னா சொல்றீங்க?"

"கல்யாணம் ஆன புதுசுப்பா. பின்னாடி ரூம்ல கதவச் சாத்திக்கினு இது ஏதோ இங்கிலீசுல பொலம்பிக்கினு இருந்துச்சி. நான் கடலைய வேக வச்சேன். வெளிய வந்து சத்தம் போடாதன்னு கத்துச்சி. குக்கர் நான் சொன்னா கேக்குமா? மூணு விசிலு வெச்சாத்தான் வேகும்."

கன்னியப்பன் பிரகாசத்தைப் பார்த்தான். பிரகாசம் கேசட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த டேப்ப எம்மா நாளு தேடுனேன் தெரியுமாடா? ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சி. தெரியாத்தனமா பிளாங்க் கேசட்டோட கலந்துட்ச்சி போல. உன் ஆல்பத்த அது மேலயே போட்டுட்டேன்."

கணக்கு இப்போது கன்னியப்பனுக்குப் புரிந்தது. ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம். ஆல்பம் நாற்பத்தொன்று. அழியாமல் தப்பித்த கடைசி நாலு நிமிஷம்தான் பதின்மூன்றாவது பாட்டு. இலக்கணத்தை உடைத்த துணிச்சல் என்பது ஆல்பம் முடிந்த இடம். மரணம் என்பது டேப் தீர்ந்த இடம்.

"நெழலுக்கு வாடகைன்னு ஒரு வரி வருதே அண்ணாத்தே, அது..."

"அப்பத்த ஹவுஸ் ஓனரு. எட்டு மணிக்கு மேல லைட்டு போடக் கூடாதும்பான். மகராசன், எங்க கீறானோ."

கன்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தான். மூன்று வருஷமாக அவன் உலகத்திலேயே பெரிய ராப் பாடகன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், தன் வீட்டிலிருந்து சைக்கிளில் ஏழு நிமிஷத் தூரத்தில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். வேறு வழியில்லாமல் பையிலிருந்த, போர்டில் எழுதியதன் பிரிண்ட் அவுட் கட்டை எடுத்து நீட்டினான். பிரகாசம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். நிறைய நேரம் படித்தான்.

"யார்றா இந்த மெர்சி?"

"நீதாண்ணாத்தே."

"செத்துட்டானாமே."

"ஆமா."

"எங்க?"

"புரூக்ளின் பாலத்துல. காரு மோதி."

"நான் பாத்த பெரிய பாலமே பேசின் பிரிட்ஜுதான்டா" என்றான் பிரகாசம். அவனுக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு யாரோ மூன்றாம் மனுஷனைப் பற்றிக் கேட்கிற மாதிரி, ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அந்த அமெரிக்காக்காரங்க... பாட்டு நல்லா கீதுன்னாங்களா?"

கன்னியப்பன் பிரிண்ட் அவுட் கட்டைப் புரட்டி, பாடகன் அருமை என்று டஸ்டி நீடில் எழுதியிருந்த வரியைத் தேடி விரல் வைத்துக் காட்டினான்.

அந்த வாரம் முழுக்க வேம்புலி ஒரே யோசனையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "உட்டுட்டு ஓடிர்ரா. வேற பேர்ல வந்து சேரு. யாருக்குத் தெரியப்போவுது? இன்டர்நெட்ல உனக்கு இன்னா மச்சம் கீதா, அடையாளம் கண்டுபுடிக்க?"

யோசனை நல்லதுதான். ஓடிவிட்டால் கன்னியப்பனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கிட் மெர்சி செத்தவனாகவே இருப்பான், பிரகாசத்தின் பாட்டு இல்லாத ஒருவனின் பெயரில் நார்வேயில் மெழுகுவர்த்திக்குக் கீழே கிடக்கும். பாட்டைப் பிரகாசத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால், தனக்கு ஒன்றும் தெரியாது என்று பதினெட்டு அறிந்தவர்களுக்கு முன்னால் எழுத வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வரை அவன் சாப்பாடு இறங்காமல் சுற்றினான். வீட்டில் காமாலை என்று நினைத்து நாலு வேளை மோர் கொடுத்தார்கள்.

ஞாயிறு பத்து மணி. மூன்றாம் எண் கம்ப்யூட்டர். பக்கத்தில் வேம்புலி, சாட்சிக்கு. கன்னியப்பன் முதலில் கேசட் கம்பெனியைக் குறை சொல்லி எழுதினான், அழித்தான். தன் ஆங்கிலத்தைக் குறை சொல்லி எழுதினான், அதையும் அழித்தான். மூன்றாவது தடவை நேராக எழுதினான்: கிட் மெர்சி என்று ஒருவன் கிடையாது. நான் கட்டிவிட்டது. பாடியவர் பெயர் பிரகாசம், அம்பத்தூர், மெட்ராஸ். உயிரோடு இருக்கிறார். பழைய டேப் மேல் ஆல்பத்தைப் பதிவு செய்ததில் அவர் பாட்டின் வால் மிஞ்சியது. பின்னால் கேட்பது பிரஷர் குக்கர். உள்ளே கொண்டைக்கடலை. எனக்கு இதுவரை எதுவும் தெரிந்திருக்கவில்லை.

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "சொல்றா. பேரு கீதா இல்லியா?"

"இரு மச்சான். லைன் மெதுவா வர்து... பாதி வந்துச்சி... ஆங், வந்துட்ச்சி."

டஸ்டி நீடிலுக்கு அது நள்ளிரவு. ஆனாலும் முழித்திருந்தார். வேம்புலிக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதால் கன்னியப்பனே கண்ணைத் திறந்து படிக்க வேண்டியதாயிற்று.

பதினைந்து வருஷமாக இசைத்தட்டு சேர்க்கிறேன், கொண்டைக்கடலை வெந்த பதிவு இதுதான் முதல் என்று அவர் எழுதியிருந்தார். பொய்யர்கள் ஆதாரம் கேட்டதும் காணாமல் போவார்கள், நீ வந்து நின்றுவிட்டாய், அதனால் போர்டில் இருக்கலாம். ஆனால் அறிந்தவர்கள் பட்டியலில் உனக்கு வேலை இல்லை. ஆறு மாசத்துக்குக் கேள்வி மட்டும் கேள், பதில் சொல்லாதே. பிரகாசத்திடம் சொல்: தாளத்தில் நிற்கிறார், மூச்சு நன்றாக எடுக்கிறார், இரண்டாவது பாதியில் கொஞ்சம் இழுக்கிறார். முழுப் பாட்டையும் திரும்பப் பாடி அனுப்ப முடியுமா? குக்கரோடு.

கன்னியப்பன் நாற்காலியில் சாய்ந்தான். ஒரு வாரமாக நெஞ்சுக்குழியில் உட்கார்ந்திருந்த கருங்கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். பட்டியலைப் பார்த்தான். பதினேழாவது இடத்தில் யாரோ கனடாக்காரன். வலிக்கும் என்று நினைத்தான். வலிக்கவில்லை. தெரியாததற்கெல்லாம் இனி செத்தவர்களைத் தயாரிக்க வேண்டியதில்லை. பசிதான் பிய்த்துக்கொண்டு வந்தது.

இருவரும் சேர்ந்து நார்வேப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் விஷயத்தைப் படித்துவிட்டிருந்தாள். மெழுகுவர்த்திகளை அணைக்க மனம் வரவில்லை போல, தலைப்பை மட்டும் 'மீண்டு வந்தார்' என்று மாற்றியிருந்தாள்.

பத்து இட்லியை முடித்த கையோடு அதைப் பிரகாசத்திடம் போய்ச் சொன்னார்கள். "மூணாம் நாளு எழுந்தவரு ஒருத்தருதான்டா. நான் ஏழு வருஷம் எடுத்துக்கினேன்" என்றான் அவன். சொல்லிவிட்டு, இரண்டாவது பாதியில் இழுக்கிறதாமே, எந்த இடம் என்று கேட்டு, கேசட்டைத் திரும்பப் போட்டான். உள்ளிருந்து ஞானகுமாரி, "இந்த வாட்டி பட்டாணிதான் கீது. பரவால்லியான்னு அமெரிக்காவுக்கு எழுதிக் கேளுங்க" என்றாள்.

வேம்புலி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பிரகாசம் அவனிடம், "நீ இன்னாவோ ஷிஃப்ட்டு லிஃப்ட்டுன்னு பாடுவியாமே, எங்க, பாடு கேப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கன்னியப்பன் கிளம்பினான்.

ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றான். பக்கத்தில் ஒரு ஆட்டோ, முன்னால் ஒரு பால்காரர், பின்னால் குடை பிடித்த இரண்டு பெண்கள். வண்டி வருகிற வழியாகக் காணோம். அவன் விரல் இரண்டும் ஹேண்டில்பாரில் மெதுவாகத் தட்டத் தொடங்கின. யாருக்கும் கேட்காத அளவுக்கு உதடு அசைந்தது.

"கேட்டப் போட்டான் கேட்டு, கேள்வி மட்டும் கேட்டு..."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். கன்னியப்பன் அந்த விரல்களாலேயே கழுத்தைச் சொறிந்துகொண்டான்.

அப்போது கூட்ஸ் வண்டி வந்தது. தடதடவென்று அது கடந்துபோகிற சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்று தெரிந்ததும், அவன் குரலைக் கொஞ்சம் ஏற்றி, முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பித்தான். நல்ல வேளை, வண்டி நீளமாக இருந்தது.